ஊட்டி இறக்கத்தில் பழைய பிக்கப்: பெடல் காட்டும் குறியும் அதற்கான வேலையும்

கேத்திப் பள்ளத்தாக்கில் கேரட் ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கும் வேலை என்னுடையது. வண்டி பழைய டீசல் பிக்கப், இரண்டாம் கையாக வாங்கியது. வாங்கிய வருடமே, குன்னூர் தாண்டி பர்லியார் வருவதற்குள், பிரேக் பெடல் காலோடு தரைக்குப் போய்விட்டது. இரண்டாம் கியருக்கு இறக்கி, ஹேண்ட் பிரேக்கையும் இழுத்துப் பிடித்து, மலைப்பக்கத்துச் சாக்கடையில் சக்கரத்தை இறக்கித்தான் நிறுத்தினேன். பட்டறையில் புது பேடு, அதாவது முன்சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க் என்ற இரும்புத் தட்டை இருபுறமும் பிடிக்கும் கட்டை, மாட்டிக் கொடுத்தார்கள். இரண்டு வாரம் கழித்து ஏறக்குறைய அதே வளைவில் மறுபடி அதே நிலைமை. பேடில் குறையே இருக்கவில்லை. கால் அழுத்தத்தைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பிரேக் ஆயில், பல வருடம் மாற்றாதது, சூட்டில் கொதித்திருக்கிறது.

அதற்குப் பிறகு பிரேக் வேலை என்று வந்தால் முதலில் நான் கேட்பது ஒன்றுதான்: பெடல் என்ன செய்தது? தரைக்குப் போனதா, கல்லாக நின்றதா, நடுங்கியதா? பெரிய டிஸ்க், விலை உயர்ந்த பேடு என்று செலவு செய்வதற்கு முன்னால் இந்தக் கேள்விக்குப் பதில் தெரிய வேண்டும். அதனால் பாகம் பாகமாக இல்லாமல், பெடலில் தெரியும் குறியை வைத்தே எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒரு கணக்கு. ஊட்டி ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையம் 325 மீட்டர் அளவில் இருக்கிறது. லோடோடு மூன்று டன் எடையுள்ள வண்டி இந்த உயரத்தை இறங்கும்போது விடுகிற ஆற்றல் முழுவதும் சூடாக மாறினால், 160 லிட்டருக்கு மேல் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். இதில் ஒரு பங்கை எஞ்சினும் காற்றும் டயரும் எடுத்துக்கொள்ளும். மிச்சம் எல்லாம் நான்கு சக்கரத்தில் இருக்கும் இரும்புக்குத்தான் போகிறது. மலையில் வரும் பிரேக் கோளாறில் பெரும்பாலானவை இந்தச் சூடு எங்கே தேங்கியது என்பதில்தான் தொடங்குகின்றன.

கீழே சொல்லும் எந்த வேலையையும் சரிவில் செய்யாதீர்கள். சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை போட்டு, ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வைத்த பிறகே வண்டிக்குக் கீழே போங்கள். பின்சக்கரத்தில் டிரம் என்ற இரும்புக் கிண்ணத்துக்குள் ஷூ என்ற வளைந்த கட்டை விரிந்து பிடிக்கும்; ஷூவின் மேல் ஒட்டிய உராய்வுப் பட்டைதான் லைனிங். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். டிரம்மில் உள்ள தூசியை ஏர் அடித்து ஊதாமல், ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.

நீண்ட இறக்கத்தில் பெடல் பஞ்சுபோல ஆகி, தரைக்குப் போகிறது

வண்டியை ஓரமாக நிறுத்தி, முக்கால் மணி நேரம் ஆறவிட்டு மறுபடி மிதித்துப் பாருங்கள். பெடல் பழையபடி திரும்பி வந்திருந்தால் ஆயில் கொதித்திருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளலாம். திரும்பி வந்துவிட்டதே என்று மீதி இறக்கத்தைச் சாதாரணமாக ஓட்டக் கூடாது. ஒருமுறை கொதித்த ஆயில் அடுத்த சூட்டிலும் கொதிக்கும்.

ஏன் கொதிக்கிறது? பிரேக் ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. ரப்பர் ஹோஸ் வழியாகவும் ஆயில் டப்பா மூடி வழியாகவும் ஈரம் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். வருடத்தில் பாதி நாள் மூடுபனியிலும் மழையிலும் நிற்கிற நம் வண்டிகளுக்கு இது இன்னும் வேகமாக நடக்கும். டாட் என்பது பிரேக் ஆயிலின் தரக் குறியீடு. டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்தத் தாங்கும் அளவு 140 டிகிரி வரை இறங்கிவிடுகிறது. டாட் 4-க்கு அதே கணக்கு 230, 155. கொதித்த இடத்தில் ஆவிக்குமிழி உண்டாகும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்க முடியும். நம் கால் பலம் குமிழியை நசுக்குவதிலேயே தீர்ந்துபோகிறது.

டப்பாவில் ஆயில் கருப்பு டீ நிறத்தில் இருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள். பழைய ஆயிலோடு புதியதைக் கலந்து ஊற்றுவதால் பிரயோசனம் இல்லை. ஒவ்வொரு சக்கரத்திலும் ஆயிலை வெளியே விடும் சிறு திருகான நிப்பிளைத் திறந்து, புது ஆயில் தெளிவாக வரும்வரை பழையதை வெளியேற்ற வேண்டும். பெடலால் ஆயிலை அழுத்தும் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரத்தில் இருக்கும் சக்கரத்தில் தொடங்குங்கள். வலப்பக்க ஸ்டீயரிங் உள்ள நம் வண்டியில் அது பின் இடது. அப்புறம் பின் வலது, முன் இடது, முன் வலது. இப்படி ஏர் எடுக்கும்போது (குழாயில் நிற்கும் காற்றை வெளியேற்றும்போது) பின் ஆக்ஸில் அந்தரத்தில் தொங்கக் கூடாது. லோடுக்கு ஏற்றபடி பின் பிரேக் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் லோடு வால்வு உள்ள வண்டியில் ஆக்ஸில் தொங்கினால் வால்வு பின்பக்க வழியை ஒடுக்கிவிடும், ஏர் முழுதாக வராது. சில வண்டிகளில் அந்த வால்விலேயே ஒரு நிப்பிள் இருக்கும், அதையும் விட்டுவிடாதீர்கள்.

டாட் 3 ஊற்றிய வண்டியில் டாட் 4-க்கு மாறலாம். பழைய வண்டிக்குச் செய்யக்கூடிய மேம்பாடுகளில் இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு பலன் தருவது வேறு எதுவும் கிடையாது. டாட் 5 மட்டும் வேண்டாம். அது சிலிக்கோன் வகை, மற்றதோடு சேராது. எஞ்சின் ஆயிலையோ பவர் ஸ்டீயரிங் ஆயிலையோ அவசரத்துக்குக்கூட ஊற்றிவிடாதீர்கள். சிலிண்டரில் உள்ள ரப்பர் எல்லாம் ஊதிப்போய், சிஸ்டம் முழுவதையும் பிரிக்க வேண்டி வரும்.

சமவெளியில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும் என்பார்கள். மலை இறங்கும் வண்டிக்கு நான் வருடம் ஒருமுறை, மழைக்காலம் முடிந்ததும் மாற்றுகிறேன்.

ஆறிய பிறகும் பெடல் பஞ்சாகவே இருந்தால் அது வேறு. எங்கோ ஏர் நிற்கிறது, அல்லது பழைய ரப்பர் ஹோஸ் ஊதுகிறது. ஒருவரை மிதிக்கச் சொல்லி, முன்சக்கர ஹோஸைக் கையால் பிடித்துப் பாருங்கள். மிதிக்கும்போது விரலுக்குள் பருத்தால் மாற்ற வேண்டும். மாற்றும்போது ஸ்டீல் பின்னல் போட்ட ஹோஸ் கிடைத்தால் நல்லது.

பெடல் கெட்டியாகவே இருக்கிறது, ஆனால் வண்டி நிற்கவில்லை, கருகல் வாடை வருகிறது

இதில் ஆயிலுக்குச் சம்பந்தம் இல்லை. பேடும் லைனிங்கும் தாங்கும் சூட்டைத் தாண்டிவிட்டன. அதிலுள்ள பிசின் கருகி, பிடிப்பு போய்விடுகிறது. பின் டிரம்மில் இன்னொன்றும் சேரும். டிரம் சூடானால் விரிந்து ஷூவை விட்டு விலகும், அதனால் மிதி கொஞ்சம் நீளும்.

கழற்றிப் பாருங்கள். பேடின் முகம் கண்ணாடிபோல் பளபளத்தால் கருகியிருக்கிறது. கனம் போதுமான அளவு இருந்து, வெடிப்பும் இல்லையென்றால் சமமான பலகையில் உப்புத்தாள் வைத்துத் தேய்த்து மறுபடி மாட்டலாம். வெடித்திருந்தால் இரண்டு பக்கத்திலும் சேர்த்தே மாற்றுங்கள். விலை குறைவு என்று பெயர் தெரியாத பெட்டியில் வருவதை வாங்காதீர்கள். கம்பெனி பேடு, அல்லது லோடு வண்டிக்கென்றே விற்கும் நல்ல பேடு வாங்குங்கள். பந்தய வண்டிக்கான பேடு நமக்கு உதவாது. அது சூடேறினால்தான் பிடிக்கும். டிசம்பர் உறைபனியில் விடியற்காலை முதல் மிதியில் பிடிக்காது.

ஆனால் இந்தக் குறி தென்பட்டால் பேடைவிட முதலில் பார்க்க வேண்டியது ஓட்டும் விதம். எந்தக் கியரில் ஏறுகிறோமோ அந்தக் கியரிலேயே இறங்க வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னது சும்மா இல்லை. லோடோடு குன்னூருக்குக் கீழே உள்ள 14 கொண்டை ஊசி வளைவுகளில் நான் இரண்டாம் கியருக்கு மேல் போவதில்லை. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி வழியில் 36 வளைவு, அங்கே இன்னும் பொறுமை வேண்டும். பெடலில் காலை லேசாக வைத்துக்கொண்டே இறங்காதீர்கள். அழுத்தமாக மிதித்து வேகத்தைக் குறைத்து, முழுக்க விட்டுவிடுங்கள். விட்ட நேரத்தில்தான் இரும்பு ஆறும்.

நியூட்ரலில் இறங்கினால் டீசல் மிச்சம் என்று இன்றும் பல பேர் நம்புகிறார்கள். அது தவறு. கியரில் இருந்து ஆக்ஸிலேட்டரை விட்டால் பம்ப் டீசலை ஏறக்குறைய நிறுத்திவிடும். நியூட்ரலில் இருந்தால்தான் எஞ்சின் ஐட்லிங்குக்கு டீசல் குடிக்கும். எஞ்சினை அணைத்துவிட்டு இறங்குவது எவ்வளவு ஆபத்து என்பது அடுத்த குறியில் தெரியும்.

முதல் மிதியிலிருந்தே பெடல் கல்லுபோல் இருக்கிறது

இரண்டு காலால் மிதித்தாலும் கொஞ்சம்தான் பிடிக்கிறது என்றால், கால் பலத்துக்குத் துணை கொடுக்கும் பூஸ்டர் பக்கம் பாருங்கள். எஞ்சினை அணைத்து, நாலைந்து முறை மிதித்து உள்ளே இருக்கும் வெற்றிடத்தைத் தீர்த்துவிடுங்கள். காலைப் பெடலில் அழுத்தியபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. அசையவே இல்லையென்றால் பூஸ்டருக்கு வெற்றிடம் வரவில்லை, அல்லது உள்ளே டயாஃப்ரம் என்ற ரப்பர் தடுப்பு கிழிந்திருக்கிறது.

டீசல் எஞ்சினில் வெற்றிடம் தானாகக் கிடைக்காது, தனி பம்ப் வேண்டும். பல பிக்கப்களில் அது ஆல்டர்நேட்டரின் பின்பக்கத்திலேயே இருக்கும். ஃபேன் பெல்ட் தளர்ந்தால் பேட்டரி சார்ஜ் குறைவதோடு பிரேக்கும் கல்லாகும். அதனால் பெல்ட், பம்புக்குப் போகும் ஆயில் பைப், பூஸ்டருக்கு வரும் ஹோஸ், அதன் நடுவில் உள்ள ஒருவழி வால்வு என்ற வரிசையில் பாருங்கள். பூஸ்டரை மாற்றுவது கடைசி வேலை. ஹோஸில் முடி அளவு வெடிப்புக்குப் புது பூஸ்டர் வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

மலைக்கே உரிய ஒரு விஷயமும் இங்கே இருக்கிறது. பூஸ்டருக்குள் டயாஃப்ரத்தின் ஒரு பக்கம் வெற்றிடம், மறுபக்கம் வெளிக்காற்று. நம் காலோடு சேர்ந்து தள்ளுவது அந்த வெளிக்காற்றின் அழுத்தம்தான். ஊட்டி உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கு அளவுதான். அதனால் மேட்டுப்பாளையத்தில் கிடைக்கும் உதவி ஊட்டியில் முழுதாகக் கிடைக்காது. நல்ல வண்டியில் இது தெரியாது. பம்ப் தேய்ந்த வண்டி கீழே சுமாராக ஓடிவிட்டு, மேலே வந்ததும் கல்லாகும். "மண்டியில் நன்றாகத்தானே இருந்தது" என்று யாராவது சொன்னால் நான் முதலில் பம்பைத்தான் சந்தேகப்படுவேன்.

எஞ்சினை அணைத்து இறங்கினால் பம்ப் நின்றுவிடும். பூஸ்டரில் சேர்ந்திருக்கும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும். நான்காவது வளைவில் பெடல் கல்லாகிவிடும்.

மிதித்துப் பிடித்தால் மெதுவாகக் கீழே இறங்குகிறது

வெளியே எங்கும் கசிவு இல்லை, டப்பாவில் ஆயில் குறையவில்லை, ஆனாலும் சிக்னலில் காலை வைத்தபடி நின்றால் பெடல் நழுவிக்கொண்டே போகிறது. மாஸ்டர் சிலிண்டர் உள்ளே வாஷர் தேய்ந்துவிட்டது. துளை நல்ல நிலையில் இருந்தால் வாஷர் கிட் போடலாம்; துருவோ கோடோ விழுந்திருந்தால் முழுசாக மாற்றுங்கள். ஆயில் குறைகிறதென்றால் சக்கரத்தின் உள்பக்கத்தையும் பூஸ்டரோடு சேரும் இடத்தையும் பாருங்கள்.

இரண்டு முறை அடித்தால்தான் பெடல் மேலே வருகிறது

பின் ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவில் இடைவெளி அதிகமாகிவிட்டது. தானாகச் சரிசெய்துகொள்ளும் அட்ஜஸ்டர் இருக்கிறதே என்று நம்பி விட்டுவிடுகிறோம். நம் சேறும் ஈரமும் அதைத் துருப்பிடிக்க வைத்துவிடும். கழற்றிச் சுத்தம் செய்து, சூடு தாங்கும் கிரீஸ் துளி தடவி, சக்கரம் லேசாக உரசும் அளவுக்கு வைத்து, பிறகு கொஞ்சம் தளர்த்துங்கள். ஹேண்ட் பிரேக் கேபிளை இறுக்கி இந்தக் குறையை மறைக்கக் கூடாது. முதலில் ஷூ, அப்புறம் கேபிள்.

லோடு இருக்கும்போது முன்சக்கரம் மட்டும் தீயாகச் சுடுகிறது. காலி வண்டியில் பின்சக்கரம் வழுக்குகிறது

இதைக் கண்டுபிடிக்கத்தான் எனக்கு நெடுநாள் ஆனது. ஆயில் மாற்றினேன், பேடு மாற்றினேன், ஆனாலும் முன் டிஸ்க் நீலம் பாரித்துக்கொண்டே இருந்தது. மேட்டுப்பாளையத்தில் வயதான மெக்கானிக் ஒருவர் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "தம்பி, பின்னாடி பட்டை சேர்த்தியா?" என்று மட்டும் கேட்டார். சேர்த்திருந்தேன். கேரட் மூட்டை கூடுதலாக ஏற்றினால் பின்பக்கம் அமுங்குகிறதே என்று, பின் ஸ்பிரிங் பட்டைகளோடு இன்னும் இரண்டு பட்டை சேர்த்துப் போட்டிருந்தேன்.

விஷயம் இதுதான். பல பிக்கப்களில் பின் ஆக்ஸிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் ஒரு கம்பி, அதன் முனையில் ஒரு வால்வு இருக்கும். லோடு ஏறி வண்டி அமுங்கினால் கம்பி அசைந்து, பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் விடும். காலியாக இருந்தால் குறைத்துவிடும். பட்டை சேர்த்தால் ஒன்றரை டன் ஏற்றினாலும் பின்பக்கம் அமுங்காது. வால்வு வண்டி காலி என்றே நினைத்துக்கொள்ளும். பின் பிரேக் பாதிகூட வேலை செய்யாது, அதன் பங்கையும் முன் பிரேக்கே சுமக்கும். ஆயில் கொதிப்பதும் பேடு கருகுவதும் இதன் விளைவாகக்கூட இருக்கலாம். என் வண்டியில் அப்படித்தான் இருந்தது.

கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. லோடோடு கொஞ்ச தூரம் இறங்கி நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்பகுதியிலும் விரலால் ஒரு சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். முன்னால் சுர்ரென்று ஆவியாகி, பின்னால் சொட்டு அப்படியே நின்றால் பின் பிரேக் வேலை செய்யவில்லை. சொட்டுதான், பாட்டில் தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள். சூடான இரும்பு கோணிப்போகும், வெடிக்கவும் செய்யும்.

நான் சேர்த்த பட்டைகளை எடுத்துவிட்டேன். மூட்டையையும் பதிவுச் சான்றில் உள்ள எடைக்குள் வைத்துக்கொண்டேன். கம்பியின் நீளத்தைக் கம்பெனிக் கையேட்டில் சொன்ன அளவுக்கு வைத்தோம். சிலர் கம்பியை முழு லோடு நிலையில் கட்டிவைத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் காலி வண்டி மூடுபனி ஈரத்தில் முதலில் பின்சக்கரத்தைப் பூட்டும். வளைவில் வண்டியின் வால் பள்ளத்துப் பக்கம் திரும்பிவிடும். கம்பி உடைந்தோ கழன்றோ இருந்தாலும் இதே இரண்டு கோளாறில் ஒன்று வரும்.

ஒரு பக்கம் இழுக்கிறது, அல்லது ஒரு சக்கரம் மட்டும் சுடுகிறது

டயர் காற்றை முதலில் பாருங்கள். அப்புறம், பேடை டிஸ்க்கோடு அழுத்தும் காலிப்பர் நகர்வதற்கான ஆணி. துருப்பிடித்து நகராவிட்டால் அந்தப் பக்கம் ஒரே பேடு மட்டும் தேயும். பின்பக்கம் இழுத்தால் ஆக்ஸில் சீல் கசிந்து லைனிங்கில் ஆயில் பட்டிருக்கலாம். ஆயில் குடித்த லைனிங்கைக் கழுவி மாட்டுவது வீண், சீலோடு சேர்த்து மாற்றுங்கள்.

சக்கரம் விடாமல் பிடித்துக்கொண்டே இருந்தால், தூக்கி வைத்து அதன் நிப்பிளைத் திறங்கள். உடனே சக்கரம் சுற்றினால் காலிப்பர் நல்லதாகவே இருக்கிறது. ஹோஸ் உள்ளே ரப்பர் ஊதி அடைத்து ஆயிலைத் திரும்ப விடவில்லை, அல்லது மாஸ்டர் சிலிண்டர் விடவில்லை. திறந்த பிறகும் சுற்றவில்லையென்றால் காலிப்பர் பிஸ்டன் சிக்கியிருக்கிறது.

மிதிக்கும்போது பெடலும் ஸ்டீயரிங்கும் நடுங்குகிறது

ஸ்டீயரிங்கில் தெரிந்தால் முன் டிஸ்க், பெடலிலும் சீட்டிலும் மட்டும் தெரிந்தால் பெரும்பாலும் பின் டிரம். சூடாக இறங்கி வந்து, வளைவில் ஓடும் மழைத்தண்ணீரில் இறக்கியது காரணமாக இருக்கலாம். வீல் நட்டுகளைச் சமமில்லாமல் முடுக்கியதும் காரணமாகும். லேத்தில் கொடுத்துச் சரி செய்யலாம். ஆனால் டிஸ்க்கில் குறைந்தபட்சக் கனமும், டிரம்மில் அதிகபட்ச விட்டமும் பொறித்திருக்கும். அந்த அளவைத் தாண்டினால் மெல்லிய இரும்பு சூடு தாங்காது, புதிதாகத்தான் வாங்க வேண்டும்.

காலையில் முதல் இரண்டு மூன்று மிதிக்குக் கரகரவென்று சத்தம் வந்து நின்றுவிட்டால் கவலை வேண்டாம். இரவுப் பனியில் டிஸ்க்கில் படிந்த மெல்லிய துரு அது. மழையில் நனைந்த வண்டியை ஹேண்ட் பிரேக் போட்டு நாலைந்து நாள் விட்டால் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். கியரில் போட்டு, கட்டை வைத்து விடுங்கள்.

எல்லாம் சரி, இன்னும் பலமான பிரேக் வேண்டும்

மேலே சொன்னவை சரியாக இருக்கும் வண்டிக்கு மட்டும் இது. முதலில் டாட் 4, ஸ்டீல் ஹோஸ், நல்ல பேடு. அதற்கு மேல் வேண்டுமென்றால், அதே வண்டியின் பின்னால் வந்த மாடலில் காற்று போகும் இரட்டைத் தட்டு டிஸ்க் இருக்கிறதா என்று விசாரியுங்கள். காலிப்பரோடு சேர்த்து மாட்ட முடிந்தால் சூட்டைத் தாங்கும் இரும்பு கூடும், அதுதான் நமக்கு வேண்டியது. வீல் பழையதே பொருந்துமா என்று வாங்கும் முன் வைத்துப் பாருங்கள்.

பெரிய மாஸ்டர் சிலிண்டர் போட்டால் பிரேக் கூடும் என்பது தவறான கணக்கு. துளை பெரிதானால் மிதி தூரம் குறையும், பெடல் கெட்டியாகத் தெரியும், ஆனால் அதே கால் பலத்துக்கு ஆயில் அழுத்தம் குறைந்துவிடும். காலிப்பர் பெரிதானால் மட்டுமே அதற்கு ஏற்றபடி மாற்ற வேண்டும். பின்னால் பெரிய வீல் சிலிண்டர் போட்டால் காலி வண்டியில் பின்சக்கரம் பூட்டும். அளவு கூடிய டயர் மாட்டியிருந்தால், பழைய அளவுக்குத் திரும்புவதே ஒரு பிரேக் மேம்பாடு. பின் டிரம்மை டிஸ்க்காக மாற்ற நான் சொல்ல மாட்டேன். ஹேண்ட் பிரேக் கெடும். பதிவுச் சான்றில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. அப்படிப்பட்ட வேலை எதுவாக இருந்தாலும் ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிட்டே தொடங்குங்கள். எட்டு வயது தாண்டிய லோடு வண்டி வருடா வருடம் எஃப்சி எனும் தகுதிச் சான்றுக்குப் போக வேண்டியிருக்கிறது.

புது பேடு மாட்டியதும் நேராக மலை இறங்காதீர்கள். காரமடைப் பக்கம் சமதரையில் 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 வரை பத்துப் பன்னிரண்டு முறை குறைத்து, முழுக்க நிறுத்தாமல் ஓட்டி, பிறகு ஆறவிடுங்கள். பேடும் டிஸ்க்கும் அப்போதுதான் ஒன்றோடொன்று படியும். அடுத்த நாள் பாதி லோடோடு இரண்டாம் கியரில் குன்னூரிலிருந்து இறங்கி, பர்லியாரில் பழக்கடைகளுக்கு எதிரே நிறுத்தி, நான்கு சக்கரத்திலும் ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். முன் இரண்டும் ஒரே மாதிரி சுட்டு, பின் இரண்டும் அதைவிடக் கொஞ்சம் குறைவாக, ஆனால் இரண்டும் ஒரே அளவில் சுட்டால், முழு லோடு ஏற்றலாம்.